திருவிழா நாளில் நோயாளி கிடையாது

எங்கள் தோட்டத்து டொக்டரையா கணேசமூர்த்திக்கு நோயைக் கண்டுபிடிக்க நோயாளியைப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. ஆள் டிஸ்பென்சரிப் படியில் கால் வைக்கும்போதே தீர்ப்பு தயாராக இருக்கும். பொய்க் காய்ச்சல். பொய்த் தலைவலி. பொய் வாந்தி. நாடி பிடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு, ஒரு சடங்குக்காக.

டொக்டரையா என்பது நாங்கள் மரியாதைக்குச் சொல்வது. உண்மையில் அவர் மருந்து கலக்கிக் கொடுக்கிற டிஸ்பென்சர். அசல் டொக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் நோர்வூட்டைத் தாண்டி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகத் தோட்டத்து லொறி வேண்டும். லொறி நகர்வதற்கு டொக்டரையா எழுதித் தரும் துண்டுச் சீட்டு வேண்டும். அந்தத் துண்டைப் புத்தகத்திலிருந்து கிழிக்கச் சொன்னால், தன் தோலை உரிக்கச் சொன்ன மாதிரி முகம் போகும் அவருக்கு.

எனக்கு அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் வேலை. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். ஜன்னலுக்கு நேர் எதிரே டிஸ்பென்சரி. பிள்ளைகள் வாய்ப்பாடு கத்துகிற நேரத்தில் கண்ணுக்கு வேலை இல்லை, அது எதிர்ப்பக்கம் போய்விடும். காதும் பின்னாலேயே போகும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எதில் யார் எத்தனை தடவை இருமினார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். இதை வம்பு என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களும் சாயங்காலமானால் என்னிடம்தான் வந்து விஷயம் கேட்பார்கள்.

டொக்டரையாவிடம் ஒரு சோதனை முறை இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது சுகமில்லை என்று விலகி வருகிற எவருக்கும் முதலில் ஒரு டம்ளர் விளக்கெண்ணெய். குடித்துவிட்டு வேலைக்குப் போனால், பார்த்தாயா, நோய் இல்லை, அதனால்தான் போகிறான் என்பார். போகாமல் லயத்தில் சுருண்டு படுத்தால், சோம்பேறி என்பது அம்பலமாகிவிட்டது. குடிக்க மாட்டேன் என்றால், அகப்பட்டுக்கொண்ட பயம். குடித்து வாந்தியெடுத்தால், நடிப்பு. எந்தப் பக்கம் விழுந்தாலும் பொய் என்று விழுகிற அப்படியொரு சோதனையை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

"செத்துப் போனா?" என்று கேட்டவர் முனாப் நானா. தோட்டத்துக்குக் கீழே, ரோட்டோரத்தில் கடை வைத்திருந்தவர். சாயங்காலம் அவர் கடை வாசலில் கிடந்த வாங்குப் பலகையில்தான் டொக்டரையா கச்சேரி நடத்துவார்.

"அது விதி. விதிக்கு நான் மருந்து குடுக்க ஏலுமா?" என்றார் டொக்டரையா, கொஞ்சமும் அசையாமல். அதோடு நிறுத்தினாரா, இல்லை. "நானா, நான் சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க. ஆதாரம் இருக்கு. பன்னெண்டு வருசமா இந்தத் தோட்டத்துல இருக்கேன். மாரியம்மன் திருவிழா அன்னைக்கு ஒருத்தன், ஒரே ஒருத்தன், சுகமில்லைன்னு வந்தது கிடையாது. என் புத்தகத்தைப் பாருங்க, அந்தத் தேதியெல்லாம் வெள்ளையா கிடக்கும். வேலை நாள்ல இருபது பேர் வர்றான். ஆட்டுக்கறி வேகுற நாள்ல ஒருத்தனும் வரலை. நோய் என்ன பஞ்சாங்கம் பார்த்தா வருது? இதுலருந்து என்ன தெரியுது?"

முனாப் நானா சீனி மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"திருவிழா அன்னைக்கு டிஸ்பென்சரி தெறந்தா இருக்கு?"

"அன்னைக்கு லீவு. பூட்டுத்தான்."

"அப்ப, நான் பெருநாளைக்குக் கடையைச் சாத்திட்டு, இன்னைக்கு ஒரு மனுசனுக்கும் சீனி தேவைப்படல்லன்னு சொன்ன மாதிரில்லா இருக்கு."

வாங்கிலிருந்த நாலு பேரும் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்கள். டொக்டரையாவுக்கு அது உறைத்ததா என்று நான் கவனமாகப் பார்த்தேன். உறைக்கவில்லை. எருமை மேல் மழை. "வியாபாரம் வேற, வைத்தியம் வேற" என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதோடு விடவுமில்லை. அந்த வாரமே பங்களாவுக்குப் போய், தோட்டத்தை நடத்தும் துரையிடமும் இதையே ஒப்பித்தார் என்றும், துரை தொடையில் தட்டிச் சிரித்தார் என்றும் பங்களாவில் சமையல் செய்யும் அப்பு பொன்னையா எனக்கு வந்து சொன்னான். சுகமில்லாதவன் எல்லாம் பொய்யன் என்று கேட்டால் எந்தத் துரைக்குத்தான் இனிக்காது.

இப்படி இருந்தபோதுதான், ஐம்பத்தேழாம் வருடம் என்று நினைவு, அழகனுக்கு வயிறு வலித்தது.

அழகன் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற அந்த வேலையில் அவன் கத்திக்கு ஈடு கிடையாது. வேலைக்கு வராமல் நின்ற நாளே இல்லை என்று கங்காணியே சொல்வார். கங்காணி ஒருவனை நல்லவன் என்று சொன்னால் அது எழுதி வைக்க வேண்டிய செய்தி. திருவிழாவுக்கு வருடம் தவறாமல் காவடி எடுப்பான். அவன் மனைவி நாகலெட்சுமி கொழுந்து பறிக்கிறவள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் ஒருவர் பேசுவதை அவள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் பேசுகிறவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

முதல் நாள் அழகன் தனியாகத்தான் வந்தான். ஜன்னலிலிருந்து எல்லாம் கேட்டது.

"என்னடா, ஆறாம் நம்பர் மலையில கவ்வாத்து தொடங்கிருச்சு, உனக்கு வயித்து வலியும் தொடங்கிருச்சா?"

"தொப்புளைச் சுத்தி வலிக்குதுங்கய்யா. அப்புறம் வலப்பக்கமா எறங்கி அங்கயே நின்னுக்குது."

"ஓகோ. வலி நடந்து போகுது, நீ மட்டும் வேலைக்கு நடக்க மாட்டே."

விளக்கெண்ணெயைக் குடித்துவிட்டு அழகன் வேலைக்குப் போனான். புத்தகத்தில் ஒரு பொய் கூடியது. வலி இரண்டு நாளில் விட்டது. விட்டதும் டொக்டரையா அதைத் தன் கெட்டிக்காரத்தனம் என்று கடை வாங்கில் சொன்னார். பத்து நாளில் திரும்பவும் வந்தது, காய்ச்சலோடு. இந்தத் தடவை நாகலெட்சுமியும் கூட வந்தாள். அழகன் டம்ளரைக் குடித்தான். படியிறங்கு முன் அத்தனையும் வாந்தியாக வெளியே வந்தது.

"பிரமாதம். கூத்துல வேசம் கட்டலாம்" என்றார் டொக்டரையா.

"அய்யா, ஆஸ்பத்திரிக்கு ஒரு துண்டு எழுதிக் குடுங்க" என்றாள் நாகலெட்சுமி.

"எதுக்கு? இவன் நடிப்பை டவுன் டொக்டரும் பார்க்கட்டும்னா?"

அவள் அழகனைப் படியில் உட்காரவைத்துவிட்டு நிமிர்ந்தாள். நான் நான்காம் வாய்ப்பாட்டை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளுக்குச் சைகை காட்டினேன்.

"அய்யா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. குடிச்சாலும் பொய்ங்கிறீங்க, குடிக்காட்டியும் பொய்ங்கிறீங்க. வேலைக்குப் போனாலும் பொய், போகாட்டியும் பொய். எப்படி இருந்தா மெய்யின்னு ஒத்துக்குவீங்க? அதை மொதல்லயே சொல்லிருங்க. அப்புறமா பார்ப்போம்."

பன்னிரண்டு வருடத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரே தன்னிடம் கேட்டுக்கொண்டதும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். மறுபடி கழற்றினார். படியில் வரிசையாக நின்ற ஏழெட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதில் சொல்லாமல் உள்ளே போக முடியாது.

"திருவிழா அன்னைக்கு வா" என்றார் கடைசியில். "கறி வேகுற நேரத்துல எவன் வயித்து வலின்னு வர்றானோ அவன் மெய்யான நோயாளி. ரெண்டு கையாலயும் துண்டு எழுதித் தர்றேன். வர மாட்டான். எனக்குத் தெரியும்."

"இத்தனை பேரு கேட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாள் நாகலெட்சுமி. அவ்வளவுதான். புருசனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று மாலை பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்தவளிடம் நான் ஒரு விஷயத்தைச் சொன்னேன். திருவிழா நாளில் நோயாளியே வருவதில்லை என்ற கதையை டொக்டரையா துரையிடமும் சொல்லியிருக்கிறார், பொன்னையா காதால் கேட்டிருக்கிறான் என்று. குடம் நிரம்பி வழிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. "துரைகிட்டயுமா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டாள்.

திருவிழாவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அழகன் பாதி நிமிர்ந்து வேலைக்குப் போனான். வலி விட்டுவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னான். உண்மையில் அவனுக்குக் காவடிதான் கவலை. விரதம் இருந்தாயிற்று, இந்த வருடம் மட்டும் எடுக்காமல் விட்டால் அம்மன் என்ன நினைப்பாள் என்று. திருவிழாவன்று காலையில், மஞ்சள் வேட்டியைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தவன் நிமிர்ந்தபடியே மடங்கி விழுந்தான். வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. தொட்டால் துடித்தான்.

நாகலெட்சுமி அழவில்லை. கொழுந்தெடுக்கும்போது குளிருக்குப் போர்த்துகிற கம்பளியை விரித்தாள். லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரர்கள் நாலு பேர் அவனை அதில் கிடத்தி, நாலு முனையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டிஸ்பென்சரியில் பூட்டு. அவர் வீட்டிலும் பூட்டு. கோயிலுக்கு வந்தார்கள்.

கோயிலில் அப்போது தப்பு மேளம் உச்சத்தில் இருந்தது. துரை வந்து மாலை போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து போவது வழக்கம். அன்றும் உட்கார்ந்திருந்தார், பக்கத்து நாற்காலியில் டொக்டரையா, பட்டு வேட்டியும் கோட்டுமாக. அந்த நேரத்தில், மஞ்சள் வேட்டி கட்டிய ஒருவனைக் கம்பளியில் தூக்கி வந்தால், அவன் உடம்பு வேறு தூக்கித் தூக்கிப் போட்டால், எங்கள் சனம் என்ன நினைக்கும்? அழகன் மேல் அம்மன் இறங்கிவிட்டாள் என்று நினைத்தது. குலவை எழும்பியது. தப்பு இன்னும் வேகம் பிடித்தது. பூசாரி ஓடிவந்து நெற்றி நிறையத் திருநீற்றை அப்பினார். கூட்டத்திலிருந்து வேலாயி என்பவள் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்துவிட்டு, "தாயே, என் மகளுக்கு எப்ப கல்யாணம்னு சொல்லு" என்று கும்பிட்டாள். சும்மா சொல்லக்கூடாது, நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். டொக்டரையாவை ஏளனம் செய்த வாய்தான். அந்த நேரத்தில் வயிற்றுவலி என்கிற எண்ணமே எனக்கு வரவில்லை.

நாகலெட்சுமி தப்படிக்கிறவனின் குச்சியைப் பிடித்து நிறுத்தினாள்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. வயித்து வலி. எல்லாரும் வெலகுங்க."

சத்தம் அடங்கியது. அவள் நேராக நாற்காலிகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, திருவிழா அன்னைக்கு வந்தா மெய்யின்னீங்க. வந்திருக்கோம். துண்டு எழுதுங்க."

டொக்டரையா எழும்பிக்கூட நிற்கவில்லை. கழுத்தை மட்டும் நீட்டிக் கம்பளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கறியை வளைச்சுக் கட்டியிருப்பான்."

"அவரு மூணு நாளா பச்சைத் தண்ணி தவிர எதையும் வாயில வைக்கலை. கறி இன்னும் அடுப்புல இருக்கு, போய்ப் பாருங்க."

"இது செல்லாது" என்றார் அவர். "நான் வாய் விட்டுச் சொன்னதைக் கேட்டுட்டு, அதே மாதிரி நடிக்க ஏற்பாடு பண்ணிட்டு வந்திருக்கே. முன்கூட்டிச் சொன்னது பிசகாப் போச்சு. நாளைக்கு டிஸ்பென்சரிக்கு வரட்டும். எண்ணெய் குடுத்துப் பார்ப்போம்."

கேட்டீர்களா. சொல்லாமல் இருந்தால் சோதிக்க முடியாது. சொல்லிவிட்டால் சோதனை செல்லாது. ஒரு மனிதன் தன் கருத்துக்கு இப்படியொரு கோட்டை கட்டி உள்ளே உட்கார்ந்துகொண்டால், வெளியே ஆள் சாகலாம், உள்ளே ஓர் ஓடுகூட அசையாது.

நாகலெட்சுமி அவரை விட்டாள். துரையின் பக்கம் திரும்பினாள்.

துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும். ஆனால் வா, போ, வெட்டு, எடு என்று கட்டளை மட்டும்தான் அதில் உண்டு. அவள் அந்தத் தமிழுக்குத் தக்க மாதிரி ஒவ்வொரு சொல்லாக வைத்தாள்.

"தொர. திருவிழா நாள், சீக்காளி வரமாட்டான். இது டொக்டரய்யா உங்ககிட்ட சொன்னாங்களா, இல்லையா?"

துரை சிரித்தார். "சொன்னான். சொன்னான்."

"இன்னைக்குத் திருவிழா. சீக்காளி வந்திருக்கான்."

துரை கம்பளியைப் பார்த்தார். அழகன்மேல் அவருக்கு இரக்கம் பிறந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அப்படி எதையும் நான் காணவில்லை. பங்களா விருந்துகளில் தான் நாலு பேருக்குச் சொல்லிச் சிரித்த கதை கண் முன்னால் நாறுவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. டொக்டரையா பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

"கணேசமூர்த்தி. நீ சொன்னது பொய்யா? இவன் வலி பொய்யா? ஒண்ணு சொல்லு."

அந்தக் கணத்தில் டொக்டரையாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அழகனின் வலி பொய் என்றால், திருவிழா நாளிலும் பொய்யன் வருகிறான். பன்னிரண்டு வருட ஆதாரம் போயிற்று. ஆதாரம் மெய் என்றால், அழகனின் வலியும் மெய். எண்ணெய் டம்ளருக்கு இங்கே இடமே இல்லை. அவர் கோட்டுப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். துண்டை எழுதினார், இரண்டு கையாலும் அல்ல, ஒரு கையால்தான். ஒரு மனிதனைக் காப்பாற்ற அந்தப் பேனா எழுதவில்லை, தன் கருத்தைக் காப்பாற்ற எழுதியது. எதற்காக எழுதினால் என்ன, லொறி கிளம்பியது.

குடல்வால் அழுகி உடையும் தறுவாயில் இருந்ததாம். அன்றே வெட்டி எடுத்தார்கள். இதற்கு முன்னால் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஆஸ்பத்திரி டொக்டர் கேட்டிருக்கிறார். நாகலெட்சுமி விளக்கெண்ணெய் என்றிருக்கிறாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இந்த வயிற்றுக்கு அதைவிட நஞ்சு கொடுத்திருக்கலாம், இன்னொரு டம்ளர் போயிருந்தால் நீ ஆளை இங்கே கொண்டுவந்திருக்க வேண்டாம் என்றாராம். அழகன் பதினாறாம் நாள் வயிற்றில் ஒரு தையலோடு பஸ்ஸில் வந்து இறங்கினான்.

டொக்டரையா இனி வெளியே தலை காட்டமாட்டார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். என் முடிவும் அவர் முடிவு மாதிரிதான், ஆளைப் பார்க்காமல் கட்டியது. அன்று சாயங்காலமே முனாப் நானா கடை வாங்கில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தீங்களா நானா. திருவிழா அன்னைக்கு வர்றவன் மெய்யான நோயாளின்னு நான் முன்கூட்டியே சொன்னேன். வந்தான். மெய்யான நோயாளியா இருந்தான். என் கணக்கு ஒரு நாளும் தப்புறதில்லை."

"அப்ப அதுக்கு முந்தி ரெண்டு வாட்டி எண்ணெய் குடுத்தது?" என்றார் முனாப் நானா.

"அது வேலை நாள்."

முனாப் நானா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஐயாவுக்கு ஒரு பிளேன்டீ போடுங்க" என்று உள்ளே சொன்னார். "சீனி வேணாம். தேவைப்படாது."

அடுத்த வருடத் திருவிழா வந்தது. திருவிழாவன்று வருகிறவனே மெய்யான நோயாளி என்று தோட்டத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு தடவை சொல்லத் தேவையில்லை. மாதக்கணக்கில் எண்ணெய் குடித்து அலுத்தவர்கள் எல்லாம், சளியும் மூலமும் காதுவலியுமாக, காலையிலேயே டிஸ்பென்சரிப் படிக்கு வந்துவிட்டார்கள். மருந்துக்குப் போகிறவர் தன் போத்தலைத் தானே கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆளுக்கொரு போத்தல் கையில். தோட்டத்தில் கிடைக்கிற போத்தல் எது என்று சொல்லவேண்டியதில்லை, சாராயக் கடையில் காலியான கால் போத்தல்தான். பூட்டு தொங்கியது. டொக்டரையா முதல் நாளே வலப்பனையிலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். பத்து மணிவரை காத்திருந்தார்கள். பிறகு நாகலெட்சுமி ஒரு யோசனை சொன்னாள். வந்ததற்கு அடையாளமாகப் போத்தல்களைப் படியிலேயே வரிசையாக வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனார்கள். நான் எண்ணினேன். இருபத்து மூன்று.

மறுநாள் காலையில் அவர் வந்தார். படியில் போத்தல்களைப் பார்த்து நின்றார். அப்போது துரையின் கார் அந்தப் பக்கமாக வந்தது. கை தட்டி நிறுத்தினார்.

"பாருங்க சார். இவனுகளுக்குத் திருவிழான்னா இதுதான். குடிக்கிறதுக்கு என் வாசல்தான் கெடைச்சிருக்கு. இருபத்து மூணு போத்தல். இதுல ஒருத்தனாவது சுகமில்லைன்னு வந்திருக்கானா?"

நாகலெட்சுமி கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நின்றாள். படியில் குனிந்து ஒரு போத்தலை எடுத்து, தக்கையைத் திறந்து, அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். போன மாதத்து இருமல் மருந்தின் வாடை ஜன்னலில் நின்ற எனக்கே அடித்தது.

"மோந்து பாருங்கய்யா" என்றாள்.

டொக்டரையா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சாராயத்தை எல்லாம் நான் மோந்து பார்க்கிறதில்லை" என்றார்.